புகையில்லாத அடுப்புக்குக் குழாய் எதற்கு?

குழாயின் வாய்க்கு நேராகக் கையைக் கொண்டுபோனேன். சில்லென்று இருந்தது.

நான் நின்றது மிளகு ஏணியின் உச்சியில். ஒற்றை மூங்கிலில் கணுக்கிளைகளை மட்டும் கால் வைக்க விட்டு வெட்டிய ஏணி அது. என் வயதுக்கும் எடைக்கும் அதில் ஏறுவது அழகில்லை என்று எனக்கும் தெரியும். வீட்டில் ஏற வேறு ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். மார்கழிப் பனி ஓட்டுக்கு மேல் கவிந்து, எதிரில் இருந்த சில்வர் ஓக் மரங்களில் பாதியைக் காணோம்.

கீழே, இதே சுவருக்கு அந்தப் பக்கம், அறைக்குள் கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சற்று முன்புதான் நானே கரி அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். அப்படியென்றால் குழாய் வழியாக வெப்பம் ஏறி வந்து என் உள்ளங்கையைச் சுட வேண்டும். குழாயோ கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது.

குழாயின் தொப்பித் தகரத்துக்கு அடியில் விரலை விட்டேன். சாக்கு. அதைச் சுருட்டித் திணித்து, மேலே களிமண் அப்பியிருந்தது. மண்ணில் விரல் தடங்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மட்டும் பாதி நீளம். எங்கள் வீட்டில் ஆள்காட்டி விரல் பாதியாக இருப்பது ஒருவருக்குத்தான். என் அப்பாவுக்கு.

அந்த அறையில் என் மகள் சுகந்தியும், இன்னும் தொப்புள் காயாத அவளுடைய பெண் குழந்தையும் படுத்திருந்தார்கள்.

போன வாரம் சத்துணவுக் கூடத்துக்குள் குரங்குக் கூட்டம் புகுந்த கதையைப் படித்துவிட்டு, ‘இந்தம்மா எழுதினால் வாய்விட்டுச் சிரிக்கலாம்’ என்று சொன்ன அன்பர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னை ஏணியிலேயே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். அந்த அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லாரி அடுப்பு

எங்கள் ஊர் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில், ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போக வேண்டிய சின்ன ஊர். கார்த்திகையில் பிடிக்கும் குளிர் மாசியில்தான் விடும். சமையலுக்கு கேஸ் வந்து வெகுகாலம் ஆகிறது. குளிருக்கு கேஸ் என்ன செய்யும்? என் கணவர் காலமான பிறகு இந்த வீட்டில் நானும் அப்பாவும்தான். ராத்திரியானால் ஆளுக்கொரு போர்வைக்குள் சுருண்டு, யார் முதலில் எழுந்து காப்பி போடுவது என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

என் மருமகன் முருகேசன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். என் முழங்கால் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, போன குளிருக்கு முன்னால் ஓர் அடுப்பைத் தானே செய்து எடுத்துவந்தார். ஆயில் டிரம்மை அறுத்த அடிப்பாகம்தான் அடுப்பின் உடம்பு. லாரி டூல்பாக்ஸின் கதவு அதற்குக் கதவு. கரி தங்க உள்ளே கம்பித் தட்டு, அதற்கடியில் சாம்பல் விழ ஒரு தகரத் தட்டு. சுவரைத் துளைத்துக்கொண்டு கூரைக்கு மேலே போன புகைக்குழாய், ஏதோ ஒரு பழைய லாரியின் சைலன்சர் குழாய்.

“டீசலெல்லாம் வேண்டாமுங்க அத்தை, கரி போதும். வருசத்துக்கு ஒருக்கா எஃப்.சி. மட்டும் காட்டீருங்க” என்றார் மருமகன். ஊரே வந்து பார்த்து ‘லாரி அடுப்பு’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனது.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

“ஏனுங்க மாப்ள, கரியில பொகையே வராதே. பொகையில்லாத அடுப்புக்குக் கொழாய் எதுக்குங்க?”

“இருந்துட்டுப் போவட்டுங்க அப்புச்சி. நாளைக்கு வெறகு போட்டாலும் போடுவீங்கல்ல” என்று மருமகன் சிரித்தார். அப்பா தலையை ஆட்டினார். குழாய் ஓர் அலங்காரம் என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும்தான்.

அடுப்புக்கு வைத்தியம்

பாதி ஆயுளைச் சத்துணவுக் கூடத்து அடுப்பின் முன்னால் கழித்தவள் நான். எந்த அடுப்பு முரண்டு பிடித்தாலும் நாடி பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் கர்வம் உண்டு.

கரி அடுப்பு நல்ல குணம்தான். கண்ணைக் கரிக்காது, சுவரைக் கறுப்பாக்காது. ஆனால் எங்கள் ஊர்ப் பனிக்கும் கரிக்கும் ஆகவே ஆகாது. சேந்தமங்கலத்தில் மூட்டையாக வாங்கும்போது கலகலவென்று பேசும் கரி, மலையேறி வந்து மூலையில் கொஞ்ச நாள் கிடந்தால் ஈரம் குடித்து ஊமையாகிவிடும். அப்படியே அள்ளிப் போட்டால் படபடவென்று வெடித்துப் பாயெல்லாம் பொறி தெறிக்கும். அதனால் மறுநாளைக்கு வேண்டிய கரியை முதல் நாளே அடுப்போரம் பரப்பி உலர்த்திவிடுவேன்.

சாம்பல் விஷயத்தில் சோம்பல் கூடாது. கம்பித் தட்டின் இடுக்கில் சாம்பல் அடைத்தால் அடிக்காற்று ஏறாது. மேலே சிவந்திருக்கும் தணல், கிளறினால் நடுவில் கறுப்பாகவே கிடக்கும். காலையில் ஒரு குத்து, சாயங்காலம் ஒரு குத்து என்று கம்பியால் குத்திவிட வேண்டும். அள்ளிய சாம்பல் மிளகுக் கொடிக்குப் போகும். குழாய் சுவரில் நுழையும் இடத்தில் விரிசல் விட்டால் மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுவது அப்பாவின் வேலை. மண் வேலையில் அவரைப் போலச் சுத்தமாகச் செய்ய இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

இப்படி ஒரு குளிர்காலம் ஒழுங்காக ஓடிய அடுப்பு, இந்த மார்கழியில் சீக்கில் விழுந்தது. பற்றவைத்தால் பிடிக்க நேரமாகிறது. பிடித்தாலும் தணலில் உயிரில்லை. ஈரக் கரி என்று நினைத்து உலர்ந்த கரி போட்டேன். சாம்பல் அடைப்பு என்று நினைத்துத் தட்டைக் கழற்றித் தேய்த்தே கழுவினேன். அப்படியும் அது மந்தமாகவே கிடந்தது. இனிப் பார்க்க மிச்சம் இருந்தது குழாய் ஒன்றுதான்.

அதே நாட்களில்தான் என் மகளுக்கும் தலைவலி ஆரம்பித்தது.

வெளியே போனால் சரியாகிறது

சுகந்திக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பிள்ளையும் கையுமாக மலைக்குக் கூட்டிவந்தோம். லாரி அடுப்பு இருக்கும் அறையையே அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். ஓட்டிடுக்கில் பனி சொட்டாமல் இருக்கத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். கதவிடுக்கில் பழைய புடவையைச் செருகினோம். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மீறாத சட்டம்.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு காலையில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மண்ட பொளக்குதும்மா. வாந்தி வராப்புல இருக்குது.”

“இப்பத்தான குளிச்சிட்டு வந்த? அப்ப நல்லா இருந்தயே கண்ணு.”

“வெளிய போனா செரியாயிருதும்மா. ரூமுக்குள்ள வந்து கொஞ்ச நேரம் படுத்தா மறுபடியும் புடிச்சுக்குது.”

பிள்ளை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சரசுவுக்கு இது போதுமானதாக இருந்தது. “ரூமுக்குள்ள அடஞ்சு கெடக்கப் புடிக்கலைன்னு சொல்லு. டவுனுல இருந்து பழகுன புள்ளைங்களுக்குத் தல வலிக்கத்தான் செய்யும்” என்று சிரித்தாள். போகும்போது வாசற்படியில் நின்று, “பாவாயியாட்டம் எதையாச்சும் தொறந்து கிறந்து வெச்சுராத சாமி” என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

 அப்பா, பேத்திக்குப் பனி ஏறிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு கை கரி அள்ளிப் போட்டார்.

சரசு பயந்தபடி திறந்து வைக்க அந்த அறையில் சன்னல் கிடையாது. ஒன்று இருந்தது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பலகை அடித்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மூடிக் கிடந்தது.

பாவாயியாட்டம்

எங்கள் ஊரில் குளிரில் சன்னல் திறக்கிற பெண்ணுக்கும், சொன்ன பேச்சுக் கேட்காத பெண்ணுக்கும் இந்த ஒரே வசவுதான். ‘பாவாயியாட்டம் பண்ணாதே.’ சொல்கிறவர்களில் பலருக்கு அந்தப் பாவாயி யார் என்று தெரியாது. பாவாயி என் அக்கா.

தலைப்பிரசவத்துக்கு வந்தவளை இதே அறையில்தான் வைத்திருந்தோம். அப்போது குழாய் வைத்த அடுப்பெல்லாம் ஏது? மண்சட்டியில் தணல். மலைக்கு பஸ் வராத காலம். அப்பா புளியஞ்சோலைப் பக்கமிருந்து கரி மூட்டையைத் தலைச்சுமையாகச் சுமந்து ஏறிவந்தார். மகள் குளிரில் நடுங்கக் கூடாது என்று அறைக்குள் ராப்பகலாகத் தணல் வைத்தார். சன்னல் கதவின் பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருந்தது. அதில் சாக்கைத் திணித்தார்.

ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா அந்தச் சாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சன்னலைத் திறந்து, கம்பியில் முகத்தை வைத்து நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. பனி அவள் முடியில் பொட்டுப் பொட்டாக நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா திட்டவில்லை. அக்காவைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தார். சன்னலைச் சாத்திச் சாக்கைத் திரும்பத் திணித்தார். இந்த முறை வெளியே போய்க் களிமண் குழைத்து வந்து, ஓர் இடுக்கு விடாமல் அப்பினார். “இனிப் பனி வராது சாமி, தூங்கு” என்றார்.

காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. குழந்தையும் எழுந்திருக்கவில்லை. அக்காவின் முகம் சிவந்து, உதடு வெற்றிலை போட்டாற்போல் இருந்தது. அம்மா அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

அந்த ஒரு பொழுது அடித்த காற்றில் ஜன்னி கண்டுவிட்டது என்றது ஊர். அப்பா சன்னலுக்குப் பலகை அடித்தார். எனக்குப் பிரசவ நேரம் வந்தபோது அந்த அறையை நினைத்தே என்னைச் சேந்தமங்கலத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் அம்மா. கண்ணை மூடுகிற வரைக்கும், “சொன்ன பேச்சக் கேட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பா” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அக்கா மேல் கோபம் இருந்தது. ஒரு சன்னலுக்காகச் செத்துப்போனாளே என்று கோபம்.

மாட்டுக் கொட்டகை

இனி ஏணிக்கு வருகிறேன்.

மண்ணைப் பெயர்த்துச் சாக்கைப் பிடித்து இழுத்தேன். உள்ளே அடைந்து கிடந்த சூடு குப்பென்று முகத்தில் அடித்தது. புகை இல்லை, வாடை இல்லை. வெறும் சூடு. இவ்வளவு நாளாக இது எங்கே போயிற்று என்று ஒரு கணம் யோசித்தேன். அறைக்குள்தான் போயிருக்கிறது. தார்ப்பாய் கட்டி, புடவை செருகி, பலகை அடித்த அறைக்குள். வெளியே போனால் சரியாகிறது என்று என் மகள் சொல்லிக்கொண்டே இருந்தாளே!

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

சுகந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள், பேச்சுக் குழறியது. குழந்தையைத் தூக்கினேன். தலை துவண்டு என் கை மேல் சாய்ந்தது. அழவில்லை.

கதவில் அப்பா நின்றார்.

“பச்ச மண்ண பனியில கொண்டு போறயா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?”

“நவுருங்கப்பா.”

“பாவாயி கத உனக்குத் தெரியாதா சாமி?”  இரண்டு கையையும் நிலையில் வைத்து மறித்தார்.

நான் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசி வளர்ந்தவள் இல்லை. அன்றைக்கு அவரைத் தோளால் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். சுகந்தி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாள். மூன்று பக்கமும் திறந்த மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் மேல், மாட்டின் வெதுவெதுப்புக்குப் பக்கத்தில் இருவரையும் உட்கார வைத்துப் போர்வையால் சுற்றினேன். குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தேன். சுண்டினேன். எங்கள் வீட்டுப் பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது.

குழந்தை அழுதது. முதலில் பூனைக்குட்டிச் சத்தம், பிறகு ஊரைக் கூட்டும் அழுகை. அது வரும் வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

நான் போன் செய்ததும் கிராமத்து நர்சம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். இருவரையும் பார்த்தார், கேள்வி கேட்டார், அறைக்குள் போய் அடுப்பைப் பார்த்தார். வந்ததும் முதல் வேலையாக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

“கரி எரிஞ்சா ஒரு வாயு வருமுங்க. பொகையும் இருக்காது, மணமும் இருக்காது. அதை வெளிய கொண்டு போறதுக்குத்தான் கொழாயே. அதை அடச்சுட்டு, ரூமையும் அடச்சா, தலவலி, மயக்கம், அப்புறம் தூக்கத்துலயே உசுரு போயிரும். கரி போட்டா சன்னல் தொறந்திருக்கோணும்.”

அப்பா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “பனிக்காத்து கொழாய் வழியாப் பச்சக் கொழந்த மேல எறங்கும்னுதான் ஏணியில ஏறி அடச்சேன்” என்று முதலில் மெதுவாகச் சொன்னார்.  நர்சம்மா கிளம்பும் நேரத்தில் கேட்டார்.

“ஏனுங்க நர்சம்மா, அந்த வாயு புடிச்சா ஒதடு செவக்குமுங்களா?”

“செல பேருக்குச் செவக்குமுங்க. ஏனுங்க பெரியவரே?”

அப்பா தூணிலிருந்து கையை எடுத்து, அந்த அறையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.  அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்த அந்த உதடு என் கண்முன்னால் வந்தது. நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பலகை

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பயமில்லை, ஆனால் சில நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றார் டாக்டரம்மா. மருமகனைத் துணைக்கு வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு அப்பாவின் நினைப்புதான். தனியாக விட்டுவிட்டு வந்தோமே, ஏதாவது செய்துகொண்டால்?

வீட்டுக்குள் நுழைந்தால் அந்த அறை வெளிச்சமாக இருந்தது. அதை நான் அப்படிப் பார்த்து எத்தனையோ காலம். பலகைகள் எல்லாம் தரையில் கிடந்தன. துருப்பிடித்த ஆணிகளை ஒரு சிரட்டையில் போட்டு வைத்திருந்தார். சன்னல் விரியத் திறந்திருந்தது. பனி தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அப்பா கட்டிலில், சன்னலுக்கு நேராக, போர்வைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கையில் காய்ந்த களிமண் கட்டி ஒன்று. பலகைக்கு அடியில் அத்தனை காலமாகச் சன்னல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மண். அதில் விரல் தடம் இருந்தது. ஒரு விரல் பாதி.

“மூச்சு முட்டித்தான் தொறந்திருக்கா சாமி” என்றார். “உங்கம்மா சாகற வரைக்கும் அவளத்தான் வஞ்சா. நானும் வேண்டாம்னு சொல்லல.”

“அன்னிக்கு யாருக்குந் தெரியாதுங்கப்பா” என்றேன்.

அவர் அந்த மண்கட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார்.

 பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காக நான் கோபமில்லாமல் அழுதது அன்றைக்குத்தான்.

அடுப்பு இப்போதும் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னவர்கள் உண்டு. மருமகன் வந்து குழாயை உயர்த்தி, பறவையும் மழையும் நுழையாமல் வலைத்தொப்பி வைத்துக் கொடுத்தார். வேண்டாமென்றாலும் கேட்காமல் தினம் அப்பா ஏணியில் ஏறிக் குழாய் வாயில் கை வைத்துப் பார்க்கிறார், சூடு வருகிறதா என்று. கரி எரியும் வரைக்கும் சன்னல் திறந்திருக்கும். படுக்கப் போகும் முன் தணலை வெளியே கொட்டித் தண்ணீர் தெளித்துவிடுகிறோம். குளிருக்குக் கரி மூட்டுகிற வாசகர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சுகந்தியும் குழந்தையும் திரும்பி வந்த அன்று வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். சுகந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சன்னலில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சரசு பார்த்துவிட்டாள்.

“ஏம்புள்ள, இத்தனை பட்டும் பாவாயியாட்டம் சன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கறயே!”

அப்பா நிமிர்ந்தார். அக்கா போனதிலிருந்து வெளியார் முன்னால் அவள் பெயரை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

“தொறந்துதான் இருக்கோணும் சரசு. எம்புள்ள பாவாயி செரியாத்தான் செஞ்சா. அடச்சது நானு.”